ஆமா, இல்லை என்ற பதிலுக்குக் கணக்கு: லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், எல்லையோர வீடுகளை வைத்து ஒரு முழு வழிகாட்டி

என் ஆய்வேட்டின் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் 112ஆம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பக்கத்துல ஸ்கூல் இருக்கற வீடுகள் தமிழ் மீடியத்துல சேர்க்க நாலரை மடங்கு வாய்ப்பு அதிகம்னு எழுதியிருக்கீங்க. தூரத்து வீடுகள்ல நூத்துக்கு நாப்பது பேர் சேர்க்கறாங்க. அப்ப பக்கத்து வீடுகள்ல நூத்துக்கு நூத்தியெண்பது பேரா?"

என் கைடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பதில் வரவில்லை. கம்ப்யூட்டர் 4.5 என்றுதான் கொடுத்திருந்தது. அந்த எண்ணில் தப்பில்லை, அதை நான் படித்த விதத்தில்தான் தப்பு. அந்த எண்ணைக் கொடுத்த முறைதான் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன்: ஆமா, இல்லை என்ற பதிலின் வாய்ப்பு எந்தெந்தக் காரணங்களோடு எப்படி மாறுகிறது என்று மதிப்பிடும் கணக்கு. அன்றைக்குத் தெரியாததை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எண்களைப் பாடத்துக்காக நானே போட்டு மாற்றியிருக்கிறேன். இவை எந்தக் கள ஆய்வின் முடிவும் அல்ல. தப்பு மட்டும் அசல்.

களம் பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் தாலுகா. பழைய கொச்சி சமஸ்தானத்து மண். 1956இல் கேரளத்துக்குள் வந்தது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கமெல்லாம் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. அரசுப் பள்ளியிலேயே தமிழ் மீடியம் உண்டு. பஸ் ஏறினால் ஒரு பக்கம் பொள்ளாச்சி, இன்னொரு பக்கம் பாலக்காடு. கேள்வி இதுதான்: ஒரு வீடு முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளையைத் தமிழ் மீடியத்தில் சேர்க்குமா, சேர்க்காதா? எது அதைத் தள்ளுகிறது, எது இழுக்கிறது?

பெயரில் தொடங்கும் குழப்பம்

மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் 'தளவாடப் பின்னடைவு' என்று வரும். வாளையார் செக்போஸ்ட்டில் ஒரு காலத்தில் வரிசை கட்டி நின்ற லாரிகளுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெல்ஜியத்துக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் 1838இல் மக்கள்தொகை வளர்ச்சிக்கு ஒரு வளைகோட்டைக் கொடுத்தார். முதலில் மெல்ல ஏறி, நடுவில் வேகம் பிடித்து, உச்சியை நெருங்கும்போது தளர்ந்துவிடும் கோடு. 1845இல் அதற்கு லாஜிஸ்டிக் என்று பெயர் வைத்தார். 'லாஜிட்' என்ற சொல்லை (பொருள் படி 4இல் வரும்) 1944இல் புள்ளியியலாளர் பெர்க்சன் கொண்டுவந்தார். 'பின்னடைவு' என்பதையும் மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் ரிக்ரெஷனுக்குத் 'தொடர்புப் போக்கு' என்று போடுகின்றன. அது நல்ல சொல், பொருளும் பொருந்துகிறது. ஆனால் வைவாவில் எல்லாரும் ரிக்ரெஷன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

படி 1: பதில் நிஜமாகவே ரெண்டுதானா?

ஓட்டுப் போட்டாரா இல்லையா, கடன் வாங்கினாரா இல்லையா, பள்ளியிலிருந்து நின்றாரா இல்லையா. இப்படி ரெண்டே பதில் உள்ள சார்ந்த மாறிக்குத்தான் (நாம் விளக்க முயலும் விஷயத்துக்குத்தான்) இந்த முறை. நம் கேள்வி அப்படித் தெரிந்தாலும் களத்தில் மூன்று பதில் இருக்கிறது: தமிழ் மீடியம், மலையாள மீடியம், இங்கிலீஷ் மீடியம். கடைசி ரெண்டையும் சேர்த்து 0 என்று போட்டால், மலையாளப் பள்ளிக்கு நடந்து போகும் கூலி வீட்டுப் பிள்ளையும், வேன் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் ஒரே கூடையில் விழுகிறார்கள். 'தமிழ் மீடியமா, இல்லையா' என்பது மட்டும்தான் கேள்வி என்றால் பரவாயில்லை. மூன்றும் முக்கியம் என்றால் மல்ட்டிநோமியல் லாஜிஸ்டிக்குக்குப் போங்கள். இந்த முடிவை டேட்டா கைக்கு வருமுன் எடுக்க வேண்டும்.

படி 2: கோடிங் ஷீட்

இதில்தான் பாதி ஆய்வேடு கெடுகிறது, ஆனால் யாரும் இதைப் பற்றி எழுதுவதில்லை.

வேலந்தாவளம் பக்கம் ஒரு வீட்டில் "தாய்மொழி என்னங்க?" என்று கேட்டேன். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "பேசறது தமிழுங்க தம்பி. எங்க மாமியார் தெலுங்கு பேசுவாங்க. பையன் படிக்கறது மலையாளம். டிவில எல்லாமே ஓடுது. நீங்க எதுல டிக் போடறீங்க?" என் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அன்றைக்குத் 'தமிழ்' என்று டிக் போட்டு வந்தேன். இப்போது செய்வதாக இருந்தால் 'வீட்டில் பிள்ளையோடு அதிகம் பேசும் மொழி எது' என்று கேட்பேன். ஒரு மாறிக்கு எது 1, எது 0 என்பது அளக்கும் முன்பே எழுதி வைக்க வேண்டிய தீர்ப்பு.

ரேஷன் கார்டு வருமானத்துக்கு நல்ல மாற்று. சம்பளத்தைக் கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. கேரளத்தில் மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நாலு நிறம். இதை 1, 2, 3, 4 என்று போட்டு எண்ணாகவே மாடலில் (கணக்குச் சமன்பாட்டில்) விட்டால், மஞ்சளிலிருந்து பிங்க்குக்கு உள்ள தூரமும் நீலத்திலிருந்து வெள்ளைக்கு உள்ள தூரமும் ஒன்று என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். வகை மாறி என்று சொல்லிவிட வேண்டும். அப்போது ஒரு நிறம் அடிப்படையாக நிற்கும், மற்ற மூன்றும் அதோடு ஒப்பிடப்படும்.

அப்புறம் அந்த 99. 'தெரியாது' என்ற பதிலுக்கு 99 போடுவது பழைய வழக்கம். அம்மாவின் படிப்பு எத்தனை வருஷம் என்ற பத்தியில் பதினொரு பேருக்கு 99 இருந்தால், தாலுகாவில் பதினொரு அம்மாக்கள் தொண்ணூற்றொன்பது வருஷம் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள் என்று கணக்கு ஓடும். சிவப்பு விளக்கு எதுவும் எரியாது. ஒவ்வொரு மாறிக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் ரெண்டையும் பார்த்துவிட்டு மேலே போங்கள். விடுபட்ட பதில் உள்ள வரிசையை மென்பொருள் சத்தமில்லாமல் முழுசாகத் தூக்கிவிடும் என்பதால், கடைசியில் எத்தனை வீடு கணக்கில் நின்றது என்பதையும் பாருங்கள்.

படி 3: முதலில் கையால் நாலு கட்டம்

மாடலுக்குப் போகுமுன் ஒரு பேப்பர் எடுங்கள். 200 வீடுகள். தமிழ் மீடியம் பள்ளி நடக்கும் தூரத்தில் இருக்கும் வீடுகள் 120. அவற்றில் தமிழ் மீடியம் 90, மற்றவை 30. தூரத்து வீடுகள் 80. அவற்றில் தமிழ் மீடியம் 32, மற்றவை 48.

நிகழ்தகவு எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் 90/120, அதாவது 0.75. தூரத்தில் 32/80, அதாவது 0.40.

ஆட்ஸ் என்பது வேறு. மொத்தத்தால் வகுக்காமல் எதிர்த்தரப்பால் வகுப்பது. வார்டு எலெக்‌ஷனில் "மொத்த ஓட்டில் முக்கால் பங்கு வாங்கினார்" என்றால் நிகழ்தகவு. "எதிராளிக்கு ஒண்ணுன்னா இவருக்கு மூணு" என்றால் ஆட்ஸ். ரெண்டும் ஒரே முடிவைச் சொல்லும் ரெண்டு பேச்சு. பக்கத்து வீடுகளுக்கு 90/30 = 3. தூரத்து வீடுகளுக்கு 32/48 = 0.67. மூன்றை 0.67ஆல் வகுத்தால் 4.5. இதுதான் ஆட்ஸ் ரேஷியோ, என் 112ஆம் பக்கத்து எண்.

நிகழ்தகவுகளை வகுத்தால் 0.75/0.40, ஏறத்தாழ 1.9 மட்டுமே. கழித்தால் நூற்றுக்கு 35 வீடு வித்தியாசம். ஆக, 'நாலரை மடங்கு வாய்ப்பு' தப்பு. 'ஆட்ஸ் நாலரை மடங்கு' சரி. நிகழ்வு அரிதாக இருந்தால் இந்த ரெண்டு எண்ணும் ஒட்டிக்கொள்ளும்: 2 சதவீதம், 1 சதவீதம் என்றால் ஆட்ஸ் ரேஷியோ 2.02. அரிதான நோய்களை ஆராயும் மருத்துவக் கட்டுரைகளில் 'மடங்கு' என்று எழுதினாலும் பெரிய சேதம் வராததற்குக் காரணம் இது. நம் சமூக அறிவியலில் நிகழ்வுகள் பெரும்பாலும் அரிதானவை அல்ல. அங்கே பார்த்து இங்கே எழுதினால் என்னைப் போல மாட்டிக்கொள்வீர்கள்.

படி 4: லாக் எதற்கு?

நிகழ்தகவுக்கு நேராக ஒரு கோடு போட்டால் என்ன? போடலாம். ஆனால் கோடு நிற்கத் தெரியாதது. ஒரு முனையில் 1ஐத் தாண்டும், மறு முனையில் 0க்குக் கீழே இறங்கும். மைனஸ் 12 சதவீத வாய்ப்பு என்று ஒன்று கிடையாது.

ஆட்ஸுக்கு மேலே எல்லை இல்லை, கீழே 0 வரை. ஆனால் அது ஒரு பக்கம் சாய்ந்தது: மூணுக்கு ஒண்ணு என்பது 3, ஒண்ணுக்கு மூணு என்பது 0.33. சம பலத்துக்கான 1லிருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே தூரமாக இருக்க வேண்டியது, ஆனால் இல்லை. இயல் மடக்கை (லாக்) எடுத்தால் 1.1 என்றும் மைனஸ் 1.1 என்றும் சமமாக வந்து உட்காருகிறது. இதுதான் லாஜிட். இதற்கு ரெண்டு பக்கமும் எல்லையில்லை, ஆகவே நேர்கோட்டைப் பயமில்லாமல் போடலாம். திரும்ப நிகழ்தகவாக மாற்றும்போது அந்த நேர்கோடு வெர்ஹுல்ஸ்ட்டின் வளைகோடாகி 0க்கும் 1க்கும் நடுவிலேயே நிற்கும்.

நம் டேபிளில் தூரத்து வீடுகளின் லாஜிட் மைனஸ் 0.405, பக்கத்து வீடுகளுடையது 1.099. வித்தியாசம் 1.504. பள்ளித் தூரம் என்ற ஒரே மாறியை வைத்து மாடல் ஓட்டினால் மாறிலியாக (தொடக்க மதிப்பாக) மைனஸ் 0.405உம், கெழுவாக (மாறி 0லிருந்து 1 ஆனால் லாஜிட் நகரும் அளவாக) 1.504உம் வரும். பேப்பரில் போட்டதையே கம்ப்யூட்டர் திருப்பித் தருவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

படி 5: உள்ளே என்ன நடக்கிறது

மேக்சிமம் லைக்லிஹூட் என்று சொல்வார்கள். பத்து வீட்டில் ஏழு 'ஆமா' என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வாய்ப்பு 0.5 என்றால், நாம் பார்த்த அதே வரிசை வருவதற்கான வாய்ப்பு 0.5ஐப் பத்து முறை பெருக்கியது, சுமார் 0.00098. உண்மை 0.9 என்றால் 0.00048. உண்மை 0.7 என்றால் 0.0022. நம் கண்ணால் பார்த்ததை அதிகம் நம்பக்கூடியதாக ஆக்குவது 0.7தான். பல மாறிகள் சேர்ந்தால் பேப்பரில் முடியாது. கம்ப்யூட்டர் ஒரு ஊகத்தில் தொடங்கி, திருத்தித் திருத்தி உச்சிக்கு ஏறுகிறது. இதற்கு மேல் வைவாவில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

படி 6: ஓட்டுவது

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் மெனுவில் அனலைஸ், ரிக்ரெஷன், பைனரி லாஜிஸ்டிக். ஆர் மென்பொருளில் ஜிஎல்எம் கட்டளை. அதில் 'ஃபேமிலி' என்ற இடத்தில் பைனாமியல் என்று குறிப்பிட வேண்டும், மறந்தால் அது சாதாரண நேர்கோட்டு ரிக்ரெஷனை ஓட்டிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். இன்னொரு பொறி: வகை மாறிக்கு எஸ்பிஎஸ்எஸ் தானாகக் கடைசி வகையை அடிப்படையாக எடுக்கும், ஆர் முதல் வகையை எடுக்கும். ஒரே டேட்டாவை ரெண்டிலும் ஓட்டிவிட்டுக் குறி மாறி வந்ததைப் பார்த்து ராத்திரி முழுக்கத் தூங்காத ஒரு தங்கையை எனக்குத் தெரியும்.

எத்தனை மாறி போடலாம்? பழைய கைக்கணக்கு ஒரு மாறிக்குப் பத்து நிகழ்வு. இதில் நிகழ்வு என்பது ரெண்டு பதில்களில் குறைவாக உள்ளது. நம்மிடம் 'ஆமா' 122, 'இல்லை' 78. ஆகவே ஏழு மாறிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 200 வீடு இருக்கிறதே என்று இருபது மாறியை அள்ளிப் போடாதீர்கள். இது கல்வெட்டு விதி அல்ல. பின்னால் வந்த ஆய்வுகள் இதைத் தளர்த்தவும் செய்திருக்கின்றன.

படி 7: கெழுவைப் பேச்சாக்குவது

வழிகாட்டியின் உயிர் இங்கேதான். அம்மாவின் படிப்பையும் சேர்த்து ஓட்டியதில் இப்படி வந்தது என்று வைப்போம்: மாறிலி 0.4, பள்ளி பக்கத்தில் இருந்தால் 1.4, அம்மா படித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் மைனஸ் 0.15.

1.4ஐ அடுக்கேற்றினால் (அதாவது e என்ற எண்ணை, சுமார் 2.718ஐ, 1.4 அடுக்குக்கு உயர்த்தினால்) ஆட்ஸ் ரேஷியோ 4.06. மைனஸ் 0.15ஐ ஏற்றினால் 0.86, அதாவது ஒரு வருஷப் படிப்புக்கு ஆட்ஸ் 14 சதவீதம் குறைகிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸில் 'எக்ஸ்ப் பி' என்ற பத்தியில் இதைத்தான் தருகிறது. பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். சில வீடுகளை எடுத்து நிகழ்தகவு வரை கொண்டுபோங்கள்.

முதல் வீடு: பள்ளி பக்கத்தில், அம்மா ஐந்தாவது. 0.4 கூட்டல் 1.4 கழித்தல் 0.75, ஆக 1.05. மைனஸ் 1.05ஐ அடுக்கேற்றினால் 0.35, ஒன்றைக் கூட்டி 1.35, ஒன்றை அதனால் வகுத்தால் 0.74. நூற்றுக்கு 74.

அதே அம்மா, பள்ளி தூரத்தில்: லாஜிட் மைனஸ் 0.35, நூற்றுக்கு 41. வித்தியாசம் 33.

இப்போது பன்னிரண்டாவது படித்த அம்மா. பக்கத்தில் 50, தூரத்தில் 20. வித்தியாசம் 30.

டிகிரி முடித்த அம்மா, பதினைந்து வருஷம். பக்கத்தில் 39, தூரத்தில் 14. வித்தியாசம் 25.

கவனியுங்கள்: மூன்று அம்மாக்களுக்கும் ஆட்ஸ் ரேஷியோ அதே 4.06. ஆனால் நூற்றுக்கு எத்தனை வீடு மாறும் என்பது 33, 30, 25 என்று இறங்குகிறது. வளைகோட்டின் நடுவில் நிற்பவர்களை லேசாகத் தள்ளினாலே நகர்வார்கள். ஓரத்தில் நிற்பவர்கள் அசைய மாட்டார்கள். இதனால்தான் 'தூரத்தின் விளைவு இவ்வளவு' என்று ஒற்றை எண்ணைச் சொல்லும்போது, யாருக்கு என்ற கேள்வி கூடவே வருகிறது. எல்லா வீடுகளுக்கும் இப்படிப் போட்டு சராசரி எடுப்பதைத்தான் சராசரி மார்ஜினல் எஃபெக்ட் என்கிறார்கள். ஆய்வேட்டில் ஆட்ஸ் ரேஷியோ டேபிளுக்குப் பக்கத்தில் இதையும் வையுங்கள். ஒன்றுதான் வைக்க இடம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்.

மனக்கணக்குக்கு ஒரு குறுக்குவழி: கெழுவை நாலால் வகுங்கள். 0.15/4, சுமார் 0.04. ஒரு வருஷப் படிப்பு அதிகபட்சம் நூற்றுக்கு நாலு வீட்டை நகர்த்தும். பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றாம் வருஷத்துக்குப் போனால் 50லிருந்து 46 ஆகிறது, சரியாக இருக்கிறது.

பி வேல்யூவோடு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இந்த அளவு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்பதோடு) நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லையையும்) கொடுங்கள். ஒரே மாறி வைத்த முதல் மாடலில் 4.5க்கு 95 சதவீத இடைவெளி 2.4லிருந்து 8.3 வரை. 1 அதற்குள் இல்லை, ஆகவே தொடர்பு இருக்கிறது. ஆனால் அந்த அகலத்தைப் பாருங்கள். 'நாலரை' என்று தசமம் வைத்துப் பெருமைப்பட இடமில்லை.

படி 8: மாடல் பொருந்துகிறதா

'69 சதவீதம் சரியாகக் கணித்தது' என்று எழுதுவார்கள். முதல் மாடலில் பக்கத்து வீடெல்லாம் ஆமா, தூரத்து வீடெல்லாம் இல்லை என்று சொன்னால் 90 கூட்டல் 48, 138 வீடு சரி. அதுதான் 69 சதவீதம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா வீட்டுக்கும் 'ஆமா' என்று சொன்னாலே 122 சரியாகும், 61 சதவீதம். நாம் சம்பாதித்தது நடுவில் உள்ள எட்டுதான்.

ஆர் ஸ்கொயர் என்று ஒன்று டேபிளில் வரும். அது, நேர்கோட்டு ரிக்ரெஷனில் மாடல் எத்தனை பங்கை விளக்குகிறது என்று சொல்லும் ஆர் ஸ்கொயர் அல்ல. மெக்ஃபேடன் முறையில் நம் முதல் மாடலுக்கு 0.09 வருகிறது. பயப்பட வேண்டாம், 2000இல் பொருளாதார நோபல் பெற்ற அந்த மெக்ஃபேடனே 0.2 முதல் 0.4 வரை என்றால் மிக நல்ல பொருத்தம் என்று சொன்னவர். 'ஒன்பது சதவீதம் விளக்குகிறது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

படி 9: வழுக்கும் இடங்கள்

கெழு 18, திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு) சில ஆயிரம் என்று வந்தால் கண்டுபிடிப்பு என்று குதிக்காதீர்கள். ஒரு வகையில் உள்ள எல்லா வீடும் ஒரே பதில் சொல்லியிருக்கிறது என்று பொருள். உதாரணமாக, வெள்ளைக் கார்டுக்காரர் ஆறே பேர், ஆறு பேரும் 'இல்லை'. கம்ப்யூட்டர் முடிவிலியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. வகைகளைப் பொருளோடு சேர்க்கலாம், அல்லது 1993இல் புள்ளியியலாளர் ஃபர்த் கொடுத்த திருத்தத்தைப் பயன்படுத்தலாம்.

ஒரே வார்டில் பத்துப் பத்து வீடாக எடுத்திருந்தால் அவை தனித்தனி இல்லை. ஒரே அங்கன்வாடி, ஒரே வேன், ஒரே டீக்கடைப் பேச்சு. அதைச் சொல்லாமல் ஓட்டினால் திட்டப்பிழை பெரும்பாலும் உண்மையைவிடச் சின்னதாக வரும். வார்டுவாரி கிளஸ்டர் திருத்தம் கேளுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. முதல் மாடலில் 4.5, ரெண்டாவது மாடலில் 4.06. உடனே 'அம்மாவின் படிப்பு தூரத்தின் விளைவில் கொஞ்சத்தை விளக்கிவிட்டது' என்று எழுதத் தோன்றும். நேர்கோட்டு ரிக்ரெஷனில் அப்படி எழுதலாம். இங்கே, முதல் மாறியோடு தொடர்பே இல்லாத, ஆனால் பதிலோடு தொடர்புள்ள ஒன்றைச் சேர்த்தாலும் ஆட்ஸ் ரேஷியோ மாறும். அளவுகோலே மாறுகிறது. சுவீடன் சமூகவியலாளர் கரீனா மூட் 2010இல் இதை விரிவாக எழுதினார். மாடலுக்கு மாடல் ஒப்பிட வேண்டுமென்றால் சராசரி மார்ஜினல் எஃபெக்டை ஒப்பிடுங்கள். அது இந்தக் கோளாறில் அவ்வளவாக மாட்டாது.

இவ்வளவு தொல்லை எதற்கு, நேர்கோடே போட்டால் என்ன என்று கேட்டால், என் பதில் பலருக்குப் பிடிக்காது: நிகழ்தகவுகள் 0.2க்கும் 0.8க்கும் நடுவில் இருந்தால் பெரும்பாலும் ரெண்டும் ஒன்றையே சொல்லும். பொருளாதாரக்காரர்கள் கூச்சமில்லாமல் நேர்கோடு போடுகிறார்கள். ஆனால் சமூகவியல் துறையில் அப்படிக் கொண்டுபோனால் கைடு கையெழுத்துப் போடுவாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதும் வாக்கியம்

என் 112ஆம் பக்கத்தைத் திருத்தி எழுதியபோது இப்படி வந்தது: "ஐந்தாம் வகுப்பு வரை படித்த தாய்மார்களின் வீடுகளில், தமிழ் மீடியம் பள்ளி நடக்கும் தூரத்தில் இருந்தால் நூற்றுக்கு 74 வீடுகளும், இல்லாவிட்டால் 41 வீடுகளும் பிள்ளையைத் தமிழ் மீடியத்தில் சேர்ப்பதாக மாடல் மதிப்பிடுகிறது." ஆட்ஸ் ரேஷியோவும் இடைவெளியும் டேபிளில். வாக்கியத்தில் 'சேர்ப்பதாக மதிப்பிடுகிறது' என்றுதான் இருக்கிறது, 'பள்ளி சேர்க்க வைக்கிறது' என்று இல்லை.

அந்த வித்தியாசத்தை எனக்குப் புரியவைத்தது புத்தகம் அல்ல. ஆய்வு முடிந்து கிராம சபையில் இதைப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த மெம்பர் எழுந்தார். "அப்ப மாஷே, எங்க வார்டுல ஒரு தமிழ் ஸ்கூல் வெச்சா பிள்ளைங்க கூடுவாங்களா?"

எனக்கு முன்னால் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் பதில் சொல்லிவிட்டார். "ஸ்கூல் இருக்கற எடத்துல தமிழ்க்காரங்க இருக்கறாங்களா, தமிழ்க்காரங்க இருந்த எடத்துல ஸ்கூல் வந்துச்சா? அதைச் சொல்லச் சொல்லுங்க மொதல்ல."

என் டேட்டாவில் பள்ளி தொடங்கிய வருஷம் என்று ஒரு பத்தி இல்லை. அடுத்த திங்கட்கிழமை பள்ளிகளின் பழைய பதிவேடுகளைத் தேடிக் கிளம்பினேன்.